காயப்படுத்திக்கொண்டாள்

என் மனைவியின் இடது கையில் மூன்று விரல்களை உருளை மெஷின் நசுக்கியது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. புதன்கிழமை மதியம் அலுவலகத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதை எழுதியவன் நான்.

பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். கூடத்தில் ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் சூடு. ஈரப் பக்கத்தில் துவைத்த துணியை வாரி வண்டியில் ஏற்றுவது மாட்டு வேலை, முதுகு ஒடிந்துவிடும். சூட்டுப் பக்கத்தில் உருளை மெஷின். விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பெண்கள் பிடித்து ஊட்டிவிட, கொதிக்கிற உருளை அதை இழுத்துத் தேய்த்து அந்தப் பக்கம் துப்பும். துப்புவதை எடுத்து மடிப்பவன் நான். பதினொரு வருஷமாக அவள் ஊட்டுவாள், நான் மடிப்பேன். வீட்டிலும் அப்படித்தானா என்று கூடத்தில் எங்களைக் கேலி செய்வார்கள்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும், அதற்காகத்தான் அது. ஆனால் துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். நின்றால் உள்ளே இருக்கிற விரிப்பு கருகும். மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கிழிந்த தலையணை உறை ஒன்றைக் கயிறாக முறுக்கி, கம்பியை மேலே தூக்கிக் கட்டினான். நாங்கள் அவனை விசில் என்போம். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், விசிலடித்துத்தான் கூப்பிடுவான். கட்டிவிட்டு அன்றைக்கும் விசிலடித்தான்: ம், ஓட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு அலறல் கேட்கவில்லை. உருளைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. விரிப்பு கோணலாக வந்தது. பதினொரு வருஷத்தில் அவள் ஒரு நாளும் கோணலாக ஊட்டியதில்லை. தலையைத் தூக்கினேன். அவளோடு மறுமுனை பிடிக்கிற உயரக்காரி சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டை விரலும் சுண்டு விரலும் தப்பின. நடுவில் இருந்த மூன்றும் எப்படி இருந்தன என்று நான் எழுதப்போவதில்லை.

வேலையில் அடிபட்டால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன நடந்தது என்று மேஸ்திரி எழுத ஒரு கட்டம், அடிபட்டவர் எழுத ஒரு கட்டம். விசில் தன் கட்டத்தை அன்று மாலையே நிரப்பிவிட்டான்: ‘கவனக் குறைவு.’ எங்கள் கட்டத்துக்கு வெள்ளிக்கிழமை நாலு மணி வரை நேரம். கவனக் குறைவு என்றே முடிவானால் அவளை மறுபடி வேலைக்கு எடுக்க மாட்டார்கள். கம்பியைக் கட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பத்தாறு வயதில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு எழுத்துக் கற்றவன் நான். கற்ற நாளிலிருந்து பால் உறை, பஸ் சீட்டு, கழிப்பறைக் கதவு என்று எதையும் படிக்காமல் விட்டதில்லை. நானே எழுதுகிறேன் என்று மார்தட்டினேன்.

எழுத உட்கார்ந்தால் வார்த்தை இல்லை. தலை வலி, பல் வலி, வயிற்று வலி எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றில் வலி மட்டும்தான் இருக்கிறது, வலிக்க வைத்தவன் இல்லை. மெஷின் மீது ஒட்டிய மஞ்சள் தகடு நினைவுக்கு வந்தது. உருளைக்கு அடியில் நசுங்குகிற ஒரு கையின் படம். கீழே ‘பிளெஸ்ஸூர்’ என்று இருக்கும். காயம் என்றுதானே பொருள் இருக்க வேண்டும்? வகுப்பில் ‘பிளெஸ்ஸே’ என்று யாரோ சொன்னதும் காதில் இருந்தது.

அப்போதுதான் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. இங்கிலீஷ் பேசுகிற ஊரில் ஆறு வருஷம் விடுதிச் சமையலறையில் தட்டுக் கழுவியவன். அந்த ஆறு வருஷத்தை அறுபது வருஷம் மாதிரிப் பேசுவான்.

“மச்சான், பிளெஸ்ஸேன்னு ஒண்ணு இருக்கு. அதப் போடலாமா?” என்றேன்.

“அய்யய்யோ மாமா! குடியைக் கெடுத்தீங்க. பிளெஸ்னா ஆசீர்வாதம்.”

“ஆசீர்வாதமா?”

“ஆமா. மெஷின் அக்காவ ஆசீர்வாதம் பண்ணுச்சுன்னு எழுதப் போறீங்களா? இங்கிலீஷ்ல இதுக்கு இஞ்சூர்னு ஒரு வார்த்தை இருக்கு. காயம் பண்றது. வால்ல ஒரு ‘ஏ’ ஒட்டினா பிரெஞ்சு ஆயிடும், அன்ஜூரியேன்னு. பாதி வார்த்தை அப்படித்தான் மாமா, அவனப் பாத்து இவன் எழுதினது.”

“நிச்சயமா?”

“பஸ்ல எழுதிப் போட்டிருக்கானே, பாத்ததில்ல? ஓட்டுநர அன்ஜூரியே பண்ணாதீங்க, பண்ணினா தண்டனைன்னு. பின்ன, ஓட்டுநரக் காயப்படுத்தாதேன்னுதான அர்த்தம்?”

பார்த்திருக்கிறேன். தினமும் படிக்கிற பலகை. எனக்கும் சரியாகத்தான் பட்டது. அவள் மருந்து மயக்கத்தில் சோபாவில் கிடந்தாள். நாங்கள் இரண்டு மேதாவிகளும் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினோம். மெஷின் என் மனைவியை அன்ஜூரியே செய்தது. மேஸ்திரி கம்பியைக் கட்டினார்.

புதன்கிழமை மதியம் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். படிவங்களைப் பார்க்கிறவள் ஒரு நடுவயதுப் பெண்மணி. நாங்கள் காகிதக்காரம்மா என்போம், கெட்டவள் இல்லை. படித்தாள். உதட்டைக் கடித்தாள். “ஒரு நிமிஷம்” என்று பக்கத்து அறைக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு இரண்டு பேர், பிறகு விசிலின் சிரிப்பு. அவன் சிரிப்பும் விசில் மாதிரித்தான் இருக்கும்.

கதவைத் திறந்துகொண்டு அவனே வந்தான்.

“மெஷின் உன் பொண்டாட்டியத் திட்டுச்சா?”

எனக்கு விளங்கவில்லை.

“இங்க எழுதியிருக்கியே. மெஷின் என் மனைவியக் கெட்ட வார்த்தையால திட்டினது. என்ன சொல்லித் திட்டுச்சு? சொல்லு, நானும் எழுதிக்கிறேன்.”

அன்ஜூரியே என்றால் திட்டுவதாம். இங்கிலீஷில் அதே எழுத்துக் கையை உடைக்கும், பிரெஞ்சில் வாயால் வைவதோடு சரி. பஸ்ஸில் எழுதியிருந்தது ஓட்டுநரைத் திட்டாதே என்றுதான். இத்தனை வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு திரிந்த மடையன் நான்.

அன்று பிற்பகல் சூட்டுப் பக்கத்தில் ஒருவன் விரிப்பை எடுத்துவிட்டு மெஷினைக் கும்பிட்டான். “கோவிச்சுக்காதீங்க, ஐயா, திட்டிடாதீங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அந்த இரைச்சலிலும் எனக்குச் சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்டது. அவள் ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்து முழுதாக ஒரு நாள்தான் ஆகியிருந்தது. தடுப்புக் கம்பி கீழே இறங்கி, துடைத்து, பளபளவென்று தன் இடத்தில் இருந்தது. தலையணை உறைக் கயிற்றின் ஒரு நூல் கூட அங்கே இல்லை.

வேலை முடிந்து போகும்போது காகிதக்காரம்மா கூப்பிட்டாள். “சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. நானே சரியா அடிச்சு வச்சிருக்கேன். கையெழுத்து வாங்கிட்டு வாங்க, போதும்.”

வாங்கிப் படித்தேன். நான் படிப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. என் மனைவியின் பெயர். அதற்கடுத்து ‘ஸெ பிளெஸ்ஸே’.

பிளெஸ்ஸே! நான் சொன்ன வார்த்தை. முதல் நாளே என் வாயில் இருந்த வார்த்தை. மச்சானின் ஆசீர்வாதத்தில் மண் விழ. ஆனால் முன்னால் அந்த ‘ஸெ’ என்ன? வகுப்பில் படித்திருக்கிறோம். முகம் கழுவிக்கொள்கிறான், தலை வாரிக்கொள்கிறான் என்பதற்கெல்லாம் அந்தச் சின்ன எழுத்து முன்னால் வந்து நிற்கும். தான் செய்து தன் மேலேயே விழுகிற காரியம். தமிழில் ‘கொள்’ என்று பின்னால் ஒட்டுகிறோம், இவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியானால் இந்தக் காகிதம் சொல்வது என்ன? காயப்படுத்திக்கொண்டாள்.

காகிதத்தை அவள் மேஜை மேல் திருப்பி வைத்தேன்.

“அவ தானே பண்ணிக்கல” என்றேன்.

“அப்படி அர்த்தம் இல்லைங்க. எங்க மொழியில அப்படித்தான் சொல்றது. வழுக்கி விழுந்தாலும் அதான், கத்தி பட்டாலும் அதான். வேணும்னே பண்ணினான்னு யாரும் நினைக்க மாட்டாங்க.”

“உங்க பிள்ளைய நாய் கடிச்சா என்ன சொல்வீங்க? கடிச்சுக்கிட்டான்னா?”

“அது வேற” என்றாள்.

“எது வேற? நாய்க்குக் கட்டின கயித்த அவுத்து விட்டவன் ஒருத்தன் இருக்கான். இங்க கயிறு போட்டுக் கட்டினவன் ஒருத்தன் இருக்கான். அதான் வேற.”

என் பிரெஞ்சில் இது எப்படி வெளியே வந்ததோ தெரியாது. பாதி கையால் பேசினேன். அவள் காகிதத்தை இழுத்துக்கொண்டு, “இதுக்குக் கீழ மேஸ்திரி கவனக் குறைவுன்னு எழுதியிருக்காரு, அது என் கையில இல்ல” என்றாள் மெதுவாக. நான் பயந்ததும் அதற்குத்தான். கீழே கவனக் குறைவு, மேலே காயப்படுத்திக்கொண்டாள். இரண்டும் சேர்ந்தால் பூட்டும் சாவியும் மாதிரி. கையெழுத்து வாங்க மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் மச்சான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன மாமா, ஏத்துக்கிட்டாங்களா?”

“வாடா மொழிப்புலி. உன் இங்கிலீஷக் கொண்டுபோய்க் குப்பையில போடு.”

நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் தொங்கிவிட்டது. அவள்தான் முதலில் பேசினாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, “மெஷின் என்னத் திட்டுச்சா?” என்றாள். “திட்டியிருந்தா நான் சும்மா வந்திருப்பேனா? அது ஒண்ணு சொன்னா நான் ஒம்பது சொல்லியிருக்க மாட்டேன்?”

மச்சான் சிரித்துத் தொலைத்தான். அவளும் சிரித்தாள், சிரித்ததில் கை அதிர்ந்து கண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் காகிதக்காரம்மா கூடத்துக்குள்ளேயே வந்தாள். அலுவலகத்துக்காரர்கள் சூட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். கையில் புதுத் தாள். “ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீங்க சொன்னது நியாயம். மாத்திட்டேன். இதுல அவங்க தப்புன்னு யாரும் சொல்ல முடியாது.”

‘ஆ எத்தே பிளெஸ்ஸே.’ அந்தச் சின்ன எழுத்தைக் காணவில்லை. காயப்படுத்தப்பட்டாள். இரண்டு ராத்திரியாகச் சரியாகத் தூங்கவில்லை. இந்த அலைச்சல் போதும், முடிந்துபோகட்டும் என்று தோன்றியது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை தாளை மனைவி முன்னால் வைத்துப் பேனாவையும் கொடுத்தேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

“என்ன எழுதியிருக்கு?”

“உனக்குக் காயம் ஆயிடுச்சுன்னு.”

“அது கட்டப் பாத்தாலே தெரியுது. யாரு பண்ணினதுன்னு இருக்கா?”

“அது இல்ல.”

“மெஷின்னு இருக்கா?”

“இல்ல.”

“விசில்னு?”

“இல்ல புள்ள.”

“அப்ப வானத்திலேருந்து விழுந்துச்சா?” குரல் ஏறியது. “நான் கேக்காமயா இருந்தேன்? கட்டின மறுநாளே சொன்னேன், அடுத்த வாரமும் சொன்னேன், அவுத்து விடுங்கன்னு. விசிலடிச்சுட்டுப் போனான். உயரக்காரியும்தான் கேட்டா. மூணு வாரம், தினமும் அந்த முடிச்சப் பாத்துக்கிட்டே ஊட்டினேன். இப்ப யாருமே இல்லாத ஒரு காகிதத்துல நான் கையெழுத்துப் போடணுமா?”

மச்சான் குறுக்கே வந்தான். “அக்கா, பேர் போட்டா வம்பு. மாமாவும் அங்கதான் வேலை பாக்கிறாரு. இதாவது கிடைச்சுதே.”

“நீ பேசாத. ஆசீர்வாதம் பண்ணினவன் நீ.”

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நான் வகுப்பில் கொடுத்த அகராதியை எடுத்தேன். மெல்லிசுப் புத்தகம். எழுத்து எறும்பு மாதிரி. பிளெஸ்ஸே இருக்கிற பக்கத்தை எடுக்கவே எனக்குக் கால்மணி நேரம் ஆனது. கீழே சின்னச் சின்ன வாக்கியங்கள். அவன் தன் எதிரியைக் காயப்படுத்தினான். கல் அவன் காலைக் காயப்படுத்தியது. ஆள் முன்னால், காயம் பின்னால். இவ்வளவு சுலபமாக அந்த மொழியில் சொல்ல முடியும். சொல்ல முடியாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட அத்தனை வழிகளை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இது நம் மொழியிலும் உண்டு. பானை உடைந்துவிட்டது என்போம். உடைத்தவன் பக்கத்திலேயே நிற்பான்.

“மெஷின் என் கையைக் காயப்படுத்தியதுன்னு எழுதறேன்” என்றேன்.

அவள் யோசித்தாள். “மெஷினுக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குச் சுத்துது. துணியக் கொடுத்தா துணிய இழுக்கும், கையக் கொடுத்தா கைய இழுக்கும். கம்பியத் தூக்கிக் கட்டினவனுக்குத் தெரியும்.”

“அப்ப?”

“அவன எழுது.”

“அவன் உன்னத் தொடலையே.”

“தொட்டிருந்தா நான் அங்கயே பாத்திருப்பேன். எழுதுங்க.”

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தையும் அகராதியில் சரிபார்த்தேன். மேஸ்திரி தடுப்புக் கம்பியைக் கட்டினார். அவிழ்க்கும்படி நான் இரண்டு முறை கேட்டேன். அவர் அவிழ்க்கவில்லை. மேஸ்திரி என் கையைக் காயப்படுத்தினார். நாலே வரி. அவள் ஒவ்வொரு வரியையும் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். கடைசி வரியை அவளே சொல்லிப் பார்த்தாள், பத்துத் தடவைக்கு மேல், துணியைப் பிழிகிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு பேரும் போனோம். காகிதக்காரம்மா படித்தாள். இந்தத் தடவை உதட்டைக் கடிக்கவில்லை. பக்கத்து அறைக்கும் போகவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில் எங்களைப் பார்த்துவிட்டான்.

வந்து, தாளைப் பிடுங்கிப் படித்தான். கழுத்து சிவந்தது.

“நான் காயப்படுத்தினேனா? நானா? நான் அந்தப் பொம்பளையத் தொடக்கூட இல்ல.”

“தொட்டீங்கன்னு எழுதல” என்றேன். “காயப்படுத்தினீங்கன்னு எழுதியிருக்கு.”

“இவனுக்கு மொழி தெரியல” என்று காகிதக்காரம்மாவிடம் திரும்பினான். “முந்தா நாள் மெஷின் திட்டுச்சுன்னான், இன்னைக்கு நான் கையை உடைச்சேன்கிறான். வார்த்தை தெரியாம எழுதறான். நேத்து நீ அடிச்சதையே வச்சுக்க.”

அவள் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். சட்டப்படி கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறதாம். என் மனைவியைப் பார்த்துக் கேட்டாள், நிறுத்தி நிறுத்தி: “இதுல எழுதியிருக்கறதுதான் நீங்க சொல்ல வர்றதா?”

அவளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. பதினொரு வருஷமாகக் காலை வணக்கம், மாலை வணக்கம், சரி, இல்லை, இவற்றிலேயே பிழைப்பை ஓட்டியவள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் நல்ல கையால் என்னைத் தள்ளினாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கி விசிலின் நெஞ்சுக்கு நேராக நீட்டி அந்தக் கடைசி வரியைச் சொன்னாள். உச்சரிப்பு எங்கெங்கோ போனது. ஆனால் அந்த வரியில் மேஸ்திரி முன்னால் நின்றான், காயப்படுத்தினார் நடுவில் நின்றது, அவள் கை கடைசியில் நின்றது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

காகிதக்காரம்மா பேனாவை நீட்டினாள். என் மனைவி கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. எங்களுக்கு ஒரு நகல் கிடைத்தது. நாங்கள் கதவைத் தொடும்போதுதான் விசில் என்னைப் பார்த்துச் சொன்னான், ரொம்ப அமைதியாக:

“திங்கள்கிழமையிலேருந்து நீ ஈரப் பக்கம்.”

“சரி” என்றேன். வாய் பழக்கம். முப்பது வருஷமாக யார் எது சொன்னாலும் அதுதான் முதலில் வரும்.

கீழே இறங்கும்போது பாதிப் படியில் அவள் நின்றாள்.

“எதுக்குச் சரின்னீங்க?”

“வேற என்ன சொல்ல? இந்த மட்டும் ஆச்சே.”

“இந்த முதுக வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் எத்தனை நாள் நிப்பீங்க? அடுத்து நீங்க ஒடிஞ்சு விழுவீங்க. அப்ப என்ன எழுதுவாங்க? முதுகை ஒடிச்சுக்கிட்டான்னா?”

நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“போங்க மேல” என்றாள். “இன்னைக்கு, இத்தனை மணிக்கு, யாரு மாத்தினான்னு எழுதச் சொல்லுங்க. ஏன் மாத்தினான்னும் எழுதச் சொல்லுங்க. ஆள் பேர் முன்னால வரணும்.”

நான் திரும்பிப் படியேறினேன். காகிதக்காரம்மா இன்னும் முத்திரைப் பெட்டியை மூடியிருக்கவில்லை.